சாக்கு இல்லாமல் ரயிலேறும் தானியம்

விளைந்த தானியத்துக்கு விவசாயி கையில் கிடைக்கும் விலை என்பது, விற்கும் இடத்து விலையிலிருந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவைக் கழித்து மிஞ்சுவதுதான். மண்டிக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது அவ்வளவாக உறைக்காது. ஆனால் கனடா நாட்டின் மேற்குச் சமவெளியில் கோதுமை பயிரிடும் விவசாயிக்கு இந்தக் கழிவுதான் லாபத்தையும் நஷ்டத்தையும் தீர்மானிக்கிறது. அங்கே சஸ்காட்செவான் மாகாணத்தின் தலைநகரான ரெஜைனாவிலிருந்து வான்கூவர் துறைமுகம் ரயில் வழியில் 1,700 கிலோமீட்டருக்கு மேல். நடுவே ராக்கி மலைத்தொடர். அவ்வளவு தூரம் லாரியில் அனுப்பினால் கட்டுபடியாகாது. ரயிலை நம்பித்தான் ஆகவேண்டும்.

அந்த ரயிலில் தானியம் மூட்டையாகப் போவதில்லை. 'மூடிய ஹாப்பர்' என்று சொல்லப்படும் தனி வகை வேகனில், சாக்கு இல்லாமல், அப்படியே கொட்டி அனுப்பப்படுகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ரயிலில் போகும் தானியம் இன்று இப்படித்தான் போகிறது. இந்த வேகன் அங்குள்ள விவசாயிக்கு என்ன கொடுத்தது, அவரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பது நம்மவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஏனெனில் இதே முறையில் பஞ்சாப் கோதுமை தமிழ்நாட்டுக்கும் வந்து இறங்கியிருக்கிறது.

பெட்டி வேகன் காலம்

1960 வரை அந்த இரண்டு நாடுகளிலும் தானியம் பெரும்பாலும் சாதாரணப் பெட்டி வேகனில்தான் சென்றது. சுமார் 40 அடி நீளம். இரண்டு பக்கமும் நகரும் கதவு. மற்ற நாட்களில் மரமும் மளிகையும் ஏற்றும் அதே வேகன், அறுவடைக் காலத்தில் தானியத்துக்கு வரும். வந்த வேகனில் ஓட்டை உடைசல்களை முதலில் அடைக்க வேண்டும். பிறகு கதவு வாசலுக்குக் குறுக்கே உள்பக்கமாகப் பலகைகளை அடித்துத் தடுப்பு எழுப்ப வேண்டும். பலகைக்கு மேலே விட்ட இடைவெளியில் குழாயை நுழைத்துத் தானியத்தைக் கொட்டுவார்கள்.

இறக்குவது இன்னும் சிரமம். பலகையைப் பெயர்த்ததும் வாசலை ஒட்டிய தானியம் தானாகச் சரிந்து கொட்டும். இரண்டு கோடியிலும் கிடப்பதை ஆட்கள் உள்ளே இறங்கித் தூசியில் நின்று வாரித் தள்ள வேண்டும். பெரிய துறைமுகங்களில் வேகனையே பிடித்துச் சாய்க்கும் யந்திரங்கள் இருந்தன. மற்ற இடங்களில் மண்வாரியும் மனித உழைப்பும்தான். பலகை இடுக்கிலும் தரை விரிசலிலும் தானியம் ஒழுகி வழியெல்லாம் சிந்திக்கொண்டே போகும். ஏற்றிய எடைக்கும் இறங்கிய எடைக்கும் இடையே உள்ள குறைவு தீராத தகராறாக இருந்தது.

சக்கரத்தின் மேல் ஒரு குதிர்

நம் வீடுகளில் இருந்த குதிரைப் பார்த்தவர்களுக்கு ஹாப்பர் வேகனைப் புரிந்துகொள்வது எளிது. குதிரில் நெல்லை மேலே கொட்டுகிறோம். வேண்டும்போது அடியில் உள்ள வாயைத் திறந்து எடுத்துக்கொள்கிறோம். இதுவும் அப்படித்தான். கூரையில் நீளவாக்கில் மூடிகள் இருக்கின்றன. உள்ளே பெரும்பாலும் மூன்று அறைகள். ஒவ்வொரு அறையின் அடிப்பாகமும் புனல்போலக் குறுகி, தண்டவாளத்துக்குச் சற்று மேலே ஒரு தகட்டுக் கதவில் முடிகிறது. கம்பியை நுழைத்துப் பல்சக்கரத்தைத் திருகினால் அந்தத் தகடு பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும். தானியம் தன் பாரத்திலேயே கீழே பாயும்.

இதில் முக்கியமானது அடிப்பக்கத்தின் சரிவு. களத்தில் தானியத்தைக் கொட்டினால் குவியல் ஓரளவுக்கு மேல் செங்குத்தாக நிற்காது. சரிந்துகொண்டே வந்து ஒரு நிலையில் நின்றுவிடும். உலர்ந்த கோதுமைக்கு அந்தச் சரிவு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை. வேகனின் அடித்தகடுகள் அதைவிட நன்றாகச் செங்குத்தாக அமைக்கப்படுகின்றன. ஆகவே தானியம் எங்கும் தங்காமல் வழுக்கி இறங்கிவிடும். உள்ளே ஆள் இறங்க வேண்டியதில்லை.

தானியம் ஈரமாக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு தவறிவிடும். ஈரத் தானியம் ஒன்றோடொன்று ஒட்டிப் புனலின் வாயில் பாலம்போல் அடைத்துக்கொள்ளும். நீண்ட பயணத்தில் சூடேறிக் கெட்டும் போகும். எனவேதான் வாங்கும் இடத்திலேயே ஈரப்பதம் கண்டிப்பாகப் பார்க்கப்படுகிறது. கனடாவில் கோதுமை 14.5 சதவீத ஈரத்துக்குள் இருந்தால்தான் உலர்ந்த தானியம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒரே நாளில் ஒரு ரயில்

இன்றைய பெரிய ஹாப்பர் வேகன் சரக்கோடு சேர்ந்து ஏறத்தாழ 130 டன் இருக்கும். அதில் தானியம் மட்டும் சுமார் 100 டன். 50 கிலோ சாக்குக் கணக்கில் 2,000 மூட்டை. இப்படி 110 வேகன்களைக் கோத்து ஒரே ரயிலாக விடுகிறார்கள். மொத்தம் சுமார் 11,000 டன். பத்து டன் லாரி என்றால் 1,100 லாரிச் சுமை.

தானியம் முதலில் வருவது, ரயில் பாதையை ஒட்டிய உயரமான களஞ்சியத்துக்கு. இதை அங்கே எலிவேட்டர் என்பார்கள். விவசாயி தன் லாரியில் கொண்டுவந்து எடை போட்டு, மாதிரி கொடுத்து, தரைக்குழியில் கொட்டிவிட்டுப் போகிறார். வாளிகள் கோத்த பட்டை அதை உச்சிக்குத் தூக்கி, தரவாரியாகத் தனித்தனி உருளைகளில் நிரப்புகிறது. ரயில் வந்ததும் வேகன்கள் ஒவ்வொன்றாகக் குழாயின் கீழே மெல்ல நகர்கின்றன. வண்டியைப் பிரித்துக் கோக்காமல் ஒரே மூச்சில் நிரப்புவதற்காகப் பெரிய களஞ்சியங்களில் வட்டமான பாதை போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் பி.என்.எஸ்.எப். ரயில்வே, 110 வேகன் ரயிலை ஏற்றி முடிக்க 15 மணி நேரம் கொடுப்பதை வழக்கமாக வைத்தது. ஏற்றியானதும் மேல்மூடிகளுக்கும் அடிக்கதவுகளுக்கும் முத்திரை வைக்கப்படும். துறைமுகத்தில் தண்டவாளத்துக்கு அடியில் உள்ள குழியின் மேல் நிறுத்திக் கதவைத் திறந்தால் சில நிமிடங்களில் வேகன் காலியாகிவிடும்.

கட்டணம் குறைந்த வரலாறு

இந்த வேகன் தானிய வியாபாரத்தையே மாற்றக்கூடியது என்பதைப் பெரிய அளவில் காட்டியது, அமெரிக்காவின் தெற்குப் பகுதியில் ஓடிய சதர்ன் ரயில்வே. அதை நடத்திய டி.டபிள்யூ. பிராஸ்னன், சுமார் 100 டன் கொள்ளும் அலுமினிய ஹாப்பர் வேகன்களைச் செய்வித்தார். அவற்றுக்கு 'பிக் ஜான்' என்று பெயர். பழைய பெட்டி வேகனைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு கொள்ளளவு. 1961-ல் தானியக் கட்டணத்தை ஏறத்தாழ 60 சதவீதம் குறைப்பதாக அந்த ரயில்வே அறிவித்தது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரே தடவையில் குறைந்தது 450 டன், அதாவது ஐந்து வேகன் சரக்கு அனுப்ப வேண்டும்.

ஆற்றில் படகு விடுபவர்களும் மற்றப் போட்டியாளர்களும் இதை எதிர்த்தார்கள். கட்டணத்தைக் கண்காணிக்கும் மத்திய ஆணையம் குறைப்பை நிறுத்தி வைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1965-ல்தான் விவகாரம் ஒரு முடிவுக்கு வந்து, குறைந்த கட்டணம் நிலைத்தது. தெற்கு மாநிலங்களில் கோழி வளர்ப்போருக்கு மத்திய மேற்குப் பகுதியின் மக்காச்சோளம் மலிவாக வந்து சேர இது வழி செய்தது.

கனடாவில் கதை வேறு மாதிரி. அங்கே 1897-ல் அரசாங்கமும் கனடியன் பசிபிக் ரயில்வேயும் செய்துகொண்ட ஒப்பந்தம் தானியக் கட்டணத்தைக் குறைத்தது. 'குரோ கட்டணம்' என்று அதற்குப் பெயர். 1925-ல் அது சட்டமாகவே ஆகிவிட்டது. விலைவாசி ஏறியும் கட்டணம் ஏறவில்லை. விவசாயிக்கு இது பெரிய வரம். ஆனால் அந்தக் கட்டணத்தில் லாபம் இல்லை என்று சொல்லி ரயில்வேக்கள் புது வேகன் வாங்குவதையும் கிளைப் பாதைகளைப் பழுது பார்ப்பதையும் விட்டுவிட்டன. கட்டணம் மலிவு, ஏற்றுவதற்கு வேகன் இல்லை! கடைசியில் 1972-லிருந்து மத்திய அரசாங்கமே ஆயிரக்கணக்கில் ஹாப்பர் வேகன்களை வாங்கி ரயில்வேக்களிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. கோதுமை வாரியமும் ஆல்பர்ட்டா, சஸ்காட்செவான் மாகாணங்களும் தம் பங்குக்கு வாங்கின. 1983-ல் புதுச் சட்டம் வந்து, அரசாங்கம் மானியம் கொடுத்துக் கட்டணத்தை உயர்த்தியது. 1995-ல் மானியமும் நின்றது. அதற்குப் பின் முழுக் கூலியும் விவசாயியின் விலையிலிருந்தே கழிகிறது.

கூலி குறைந்தது, தூரம் கூடியது

பாரமான வேகனுக்குப் பலமான பாதை வேண்டும். ஊருக்கு ஊர் போட்டிருந்த கிளைப் பாதைகளில் மெலிந்த தண்டவாளங்களும் பழைய மரப்பாலங்களும் இருந்தன. 130 டன் வேகனை அவை தாங்கமாட்டா. உறைநிலச் சேற்றின் மேல் போட்ட சர்ச்சில் துறைமுகப் பாதையில், இதே காரணத்தால், 1990-களிலும் பழைய பெட்டி வேகன்களில் தானியம் போய்க்கொண்டிருந்தது. மற்ற இடங்களில் கிளைப் பாதைகளே மூடப்பட்டன. அமெரிக்காவில் 1980-ம் ஆண்டின் ஸ்டாக்கர்ஸ் சட்டம், நஷ்டப் பாதைகளை மூட ரயில்வேக்களுக்கு வழியை எளிதாக்கியது.

பாதை போனதும் களஞ்சியமும் போயிற்று. 1933-ல் கனடாவின் சமவெளியில் 5,758 களஞ்சியங்கள் இருந்தன. குதிரை வண்டியில் போய்த் திரும்பும் தூரத்துக்கு ஒன்று என்று கட்டியவை. இன்று சில நூறு மட்டுமே. அவை ஒவ்வொன்றும் மிகப் பெரியவை. ரயில் கூலியில் மிச்சமான பணத்தின் ஒரு பகுதி, அந்தத் தொலைவான களஞ்சியத்துக்கு லாரியில் கொண்டுபோகும் செலவாக விவசாயியின் தலையிலேயே திரும்ப விழுந்தது. ரயில்வேக்கும் வியாபாரிக்கும் மிச்சம் வெளிப்படையாகத் தெரிகிறது. விவசாயிக்குக் கூட்டிக் கழித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த வேகனின் இயல்பே அப்படி. பெரிய அளவில் அனுப்புகிறவனுக்குத்தான் அது சலுகை தரும். பஞ்சாபில் ஏக்கருக்கு ஏறத்தாழ 2 டன் கோதுமை விளைகிறது. அந்தக் கணக்கில் ஓர் அமெரிக்க வேகனை நிரப்பவே 50 ஏக்கர் வேண்டும். ஒரு ரயிலுக்கு 5,500 ஏக்கர். தனியாக நிற்கும் சிறு விவசாயி இதில் எங்கே நிற்பது?

வேகன் யாருக்கு?

இந்தக் கேள்வி ஹாப்பர் வேகனுக்கும் முந்தியது. 1901-ல் கனடாவின் சமவெளியில் அமோக விளைச்சல். ஆனால் வேகன் கிடைக்கவில்லை. கிடைத்த வேகன்களும் களஞ்சிய முதலாளிகளுக்கே போயின. விவசாயிகள் அந்த வருஷக் கடைசியில் இந்தியன் ஹெட் என்ற ஊரில் கூடி, டபிள்யூ.ஆர். மதர்வெல் தலைமையில் ஒரு சங்கம் அமைத்தார்கள். சட்டத்தைத் திருத்தவைத்தார்கள். ஸ்டேஷனில் ஒரு புத்தகம் இருக்க வேண்டும். வேகன் கேட்பவர் பெயரை வரிசையாக அதில் எழுத வேண்டும். அந்த வரிசைப்படியே வேகன் கொடுக்க வேண்டும் என்பது விதி. 1902-ல் சிண்டலூட்டா ஸ்டேஷனில் அந்த வரிசை மீறப்பட்டபோது, சங்கம் ரயில்வே ஏஜெண்டின்மேல் வழக்குப் போட்டு வென்றது. ஒரு சிற்றூர் ஸ்டேஷன் வழக்கு, நாடு முழுவதும் விவசாயிகளுக்கு உரிமையை உறுதிப்படுத்தியது.

தன் தானியத்தைத் தானே வேகனில் ஏற்றி நேராகத் துறைமுகத்துக்கு அனுப்பும் அந்த உரிமை இன்றும் கனடாவின் தானியச் சட்டத்தில் இருக்கிறது. விவசாயி தானிய ஆணையத்துக்கு மனுச் செய்து வேகன் பெறலாம். களத்திலிருந்து கொண்டுவந்து, கையோடு இழுத்துப்போகக்கூடிய யந்திரத்தால் கூரை வழியாக நிரப்பலாம். களஞ்சியக் கூலி மிச்சம். ஆனால் ஓர் ஆள் ஒரு வேகன் என்றால் ரயில்வே ஆர்வம் காட்டாது. ஆகவே பல விவசாயிகள் சேர்ந்து ஒரே இடத்தில் ஏற்றுகிறார்கள். பெரிய ரயில்வேக்கள் வேண்டாம் என்று விட்ட கிளைப் பாதைகளை வாங்கியும் நடத்துகிறார்கள். சஸ்காட்செவானின் தென்மேற்கில் ஷானவன் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, 2004-ல் அப்பகுதி மக்களின் கைக்கு வந்தது. வேகன்களை வரிசையாக நிறுத்தி ஏற்றும் வசதிகளுக்குப் பேர்போன பாதை அது.

பணம் படைத்தவர்களுக்கு வேறு வழி உண்டு. அமெரிக்காவில் பர்லிங்டன் நார்தர்ன் ரயில்வே 1988-ல், குறிப்பிட்ட காலத்தில் வேகன் தருவதாக உறுதிச் சீட்டுகளை ஏலத்தில் விடத் தொடங்கியது. அறுவடை நெருக்கத்தில் சீட்டின் விலை ஏறும். தானியத்துக்கு ஏலம் என்பது போய், வேகனுக்கே ஏலம் என்றாகிவிட்டது.

வண்டி வராத குளிர்காலம்

வேகன் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2013-14 குளிர்காலம் காட்டியது. கனடாவில் அதுவரை காணாத விளைச்சல். அதோடு கடுங்குளிர். வெப்பநிலை மிகவும் இறங்கினால் ரயிலின் காற்றுப் பிரேக்குகள் சரிவர வேலை செய்யா. ஆகவே ரயில்களை நீளம் குறைத்து ஓட்ட வேண்டும். துறைமுகத்தில் கப்பல்கள் காத்திருந்தன. விவசாயிகளின் குதிர்கள் நிரம்பி வழிந்தன. நடுவே வேகன்தான் இல்லை. உலகச் சந்தையில் வாங்க ஆள் இருந்தும், களஞ்சியத்தில் கொடுக்கும் விலை விழுந்தது. விற்க முடியாத விவசாயிகள் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

1914-ல் நடந்ததல்ல இது. கணக்கற்ற யந்திர வசதிகள் வந்த பிறகு நடந்தது. 2014 மார்ச்சில் கனடா அரசாங்கம், இரண்டு பெரிய ரயில்வேக்களும் வாரத்துக்குத் தலா 5 லட்சம் டன் தானியம் கொண்டுபோய்த் தீர வேண்டும் என்று உத்தரவிட்டது. பிறகு 2018-ல் வந்த சட்டம், சொன்னபடி வண்டி விடாத ரயில்வேயிடம் சரக்கு அனுப்புபவர் நஷ்ட ஈடு பெற ஒப்பந்தத்தில் இடம் செய்தது. அதே வருஷம் கனடியன் பசிபிக் ரயில்வே, பழைய வேகன்களுக்குப் பதிலாகப் புது ஹாப்பர் வேகன்கள் 5,900 வாங்கப்போவதாக அறிவித்தது.

மோகாவிலிருந்து கோவைக்கு

நம் நாட்டில் இந்திய உணவுக் கழகம் 2005-ல் ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, பஞ்சாபில் மோகாவிலும் ஹரியானாவில் கைதாலிலும் எஃகுக் களஞ்சியங்கள் அமைக்க ஏற்பாடு செய்தது. 2007 முதல் மோகாவில் விவசாயிகள் டிராக்டர் டிரெயிலரில் கோதுமையைச் சாக்கில்லாமல் கொண்டுவந்து, எடை போட்டு, மாதிரி கொடுத்து, கொட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அங்கிருந்து மேலே நிரப்பிக் கீழே திறக்கும் தனி வேகன்களில் கோதுமை சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் கிடங்குகளுக்கு வந்திருக்கிறது. இங்கே வந்த பிறகுதான் ரேஷன் விநியோகத்துக்காகச் சாக்கில் பிடிக்கப்படுகிறது. நம் நெல்லும் அரிசியும் பெரும்பாலும் இன்னும் மூட்டையாகவேதான் ரயிலேறுகின்றன.

மூட்டை முறையில் சாக்குச் செலவு உண்டு. ஏற்று கூலி, இறக்கு கூலி உண்டு. கொக்கி போட்டுக் கிழித்த சாக்கிலிருந்து சிந்துவதும் உண்டு. ஆனால் நாற்பது கிலோ மூட்டையில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு ஏக்கர்க்காரரும் தன் நெல்லைத் தன் பெயரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொட்டி அனுப்பும் முறையில் என் தானியம், உன் தானியம் என்ற வேறுபாடு குழியில் விழுந்ததோடு மறைந்துவிடும். அதன்பின் விவசாயிக்குச் சாட்சி, எடைச் சீட்டும் மாதிரியின் முடிவும்தான்.

கவனிக்க வேண்டியவை

அயல்நாட்டு அனுபவத்திலிருந்து சில விஷயங்கள் தெளிவாகின்றன. சாக்கில்லாமல் கொட்டி விற்கும் இடம் எங்கே வந்தாலும், எடை போடுவதையும் ஈரப்பதம் பார்ப்பதையும் விவசாயி கண்முன்னே செய்யச் சொல்ல வேண்டும். அதே குவியலிலிருந்து ஒரு மாதிரியைத் தன்னிடமும் வைத்துக்கொள்வது நல்லது. ஈரம் குறையக் காயவைத்து, பதரும் மண்ணும் நீக்கிக் கொண்டுபோனால் கழிவுக்கு இடம் இராது. புதுக் களஞ்சியத்தில் விலை கூடுதலாகச் சொன்னால், அங்கே போய்வரும் வண்டிச் செலவையும் காத்திருக்கும் நேரத்தையும் கழித்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்ந்து நிற்க வேண்டும். வேகனை நிரப்பத் தனி ஆளால் ஆகாது. ஐம்பது பேரால் ஆகும். சிண்டலூட்டா விவசாயிகள் வழக்குப் போட்டபோது அவர்கள் கேட்டது சலுகை அல்ல. புத்தகத்தில் எழுதிய வரிசைப்படி தங்கள் முறை வரவேண்டும் என்பதுதான். நல்ல வேகனை யந்திரசாலை செய்து கொடுத்துவிடும். அது முறைப்படி தன் ஊருக்கும் வருகிறதா என்று பார்த்துக்கொள்வது விவசாயியின் வேலை.